ஆலானுக்குத் தெரிந்த ஒரே சொல்

டொரண்டோவில் நவம்பர் வந்தால் ஆசியப் பட விழாவும் வந்துவிடும். கொரியர், பிலிப்பைன்ஸ்காரர், வியட்நாமியர், எங்களைப் போன்ற ரெண்டுங்கெட்டான்கள் எல்லோரும் குடையும் கையுமாக வரிசையில் நிற்போம். இந்த வருடம் என் தங்கை ஆலான் எடுத்த படம் தேர்வாகியிருந்தது. நாங்கள் இருவரும் அந்தப் பழைய தியேட்டருக்குள் நுழைந்தபோது பிற்பகல்தான். ஆனால் உள்ளே பகல் என்பதே கிடையாது. ஈரக் கம்பளிக் கோட்டுகளின் நாற்றமும் பாப்கார்ன் வாசனையும் கலந்து முகத்தில் அடித்தன.

படம் எங்கள் அம்மாவைப் பற்றியது. அம்மா ஏப்ரலில் இறந்துபோனாள். ஆலான் எங்கள் இருவருக்கும் சேர்த்து அழுதாள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

கடைசிக் குளிர்காலத்தில் அம்மா சமையலறையில் நின்று பேசியதையெல்லாம் ஆலான் படம் பிடித்து வைத்திருந்தாள். அம்மா பேசியது ஹக்கா. கல்கத்தாவின் தாங்ராவில் தோல் பதனிடும் கொட்டகைகளுக்கு நடுவே வளர்ந்த சீனர்களின் பேச்சு. நான் அங்கே பிறந்தவள், எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆலான் டொரண்டோவில் பிறந்தவள். அவளுக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் தெரியும். "ஹே." ஆமாம் என்று அர்த்தம். சோறு போடட்டுமா என்று அம்மா கேட்டாலும் ஹே, உனக்கு அறிவிருக்கா என்று கேட்டாலும் ஹே.

போன வாரம் வரை அவள் படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்ததால் சப்டைட்டிலை அதில் சேர்க்க நேரமில்லை. நான் மேலே புரொஜெக்டர் அறையில் உட்கார்ந்து, அம்மா ஒவ்வொரு வரி பேசும்போதும் அங்கிருந்த கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். திரைக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுத்து வரும்.

"தூங்கிடாத அக்கா," என்றாள் ஆலான். "நீ அமுக்கலன்னா, அம்மா காய்கறிக்காரனத் திட்டுறத கவிதைன்னு நெனச்சுக்குவாங்க."

"நீயும் அப்படித்தானடி நெனச்சுக்கிட்டிருந்த?"

அவள் சிரித்துக்கொண்டே கீழே போனாள். நல்ல சிரிப்பு அவளுக்கு.

புரொஜெக்டர் அறையில் எஃப்ரேன் இருந்தார். பிலிப்பைன்ஸ்காரர், வருடா வருடம் விழாவுக்குப் படம் ஓட்டுகிறவர். விளக்குகள் அணைந்தன. அம்மா பேசினாள், நான் அமுக்கினேன், கூட்டம் சிரித்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கடைசிக் காட்சியில் பேச்சு இல்லை. அம்மா நமக்கு முதுகைக் காட்டியபடி குழாயடியில் கீரை அலசுவாள். தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க, படம் முடிந்துவிடும். நான் பட்டனிலிருந்து கையை எடுத்தேன். கீழே, கேள்வி பதிலுக்காக ஆலான் மைக்கோடு மேடை ஓரத்தில் வந்து நின்றாள்.

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

அறைக்குள், அம்மா ஜாடியில் போட்டுவைக்கும் உப்பில் ஊறிய கீரையின் புளித்த வாசனை மெல்ல எழுந்தது.

எஃப்ரேன் என் தோளைத் தொட்டார். "ஏம்மா..." என்றார், காதோடு. "படம் முடிஞ்சுபோச்சு."

"ஓடுதே."

"நான் ஓட்டல."

அம்மா குழாயை மூடினாள்.

அந்தக் காட்சியில் அம்மா குழாயை மூடவே மாட்டாள்.

ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினாள். காமிராவைப் பார்க்கவில்லை. கீழே, மேடை ஓரத்தைப் பார்த்தாள்.

"ஆலான்," என்றாள் ஹக்காவில். "இங்க ரொம்பக் குளிருதுடி. நான் உங்கூட வந்துடட்டுமா?"

கூட்டம் சப்டைட்டிலுக்காகக் காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. அந்த அரங்கில் அவள் கேட்டது புரிந்தது எனக்கு மட்டும்தான். செத்தவர்கள் எதைக் கேட்டாலும் பதில் பேசக்கூடாது என்பது தாங்ராவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆலானுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அரங்கைப் பார்த்த கண்ணாடியை ஓங்கித் தட்டினேன். கனத்த கண்ணாடி. யாரும் திரும்பவில்லை.

சப்டைட்டில் பெட்டியில் ஆங்கிலத்தில் அடித்தேன். விரல்கள் யாருடையவோ போல இருந்தன.

ஆலான், பதில் சொல்லாதே.

எழுத்து திரைக்குக் கீழே போய் விழுந்தது. அரங்கமே படித்தது. யாரோ சிரித்தார்கள். ஆலான் மட்டும் படிக்கவில்லை. ஏப்ரலுக்குப் பிறகு தன்னைத் திரும்பிப் பார்க்காத அந்த முகத்தை அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரட்டுமா?" என்றாள் அம்மா.

"ஹே," என்றாள் ஆலான், மைக்கில்.

திரை இருண்டது.

விளக்குகள் எரிந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கண்ணீர் விட்டவர்களும் உண்டு. முன்வரிசையில் ஒரு பெண்மணி, அம்மா கடைசியில் என்னதான் கேட்டாள் என்று விசாரித்தார். ஆலான் வாயைத் திறந்தாள். ஹக்காவில் பதில் வந்தது. நீளமாக, தாங்ராக்காரியின் அதே இழுவையோடு, குளிரையும் பிள்ளைகளையும் பற்றி. கூட்டம் அதற்கும் கை தட்டியது.

நான் கீழே போனேன். வாசலில் அவள் என்னை இழுத்து நிறுத்தினாள். விரல்கள் சில்லென்று ஈரமாக இருந்தன.

"கோட்டு பட்டன போடுடி ஜின். சளி புடிச்சா நான்தானே கஷாயம் வைக்கணும்?"

ஆலான் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. என் தங்கை எங்கே என்று அந்த நிமிடமே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அம்மா மறுபடி போய்விடுவாளோ என்று பயந்து, பட்டனைப் போட்டுக்கொண்டேன்.

அவள் என்னோடு வந்துவிட்டாள். சமைக்கிறாள், திட்டுகிறாள், உப்புக்கீரையும் பன்றிக்கறியும் வேகும் வாசனையில் வீடே மணக்கிறது. ஆலானின் நண்பர்கள் போன் செய்தால் உடம்பு சரியில்லை என்று நான்தான் சொல்கிறேன்.

நேற்று வான்கூவரிலிருந்து அந்த ஊர் விழாவுக்குப் படத்தைக் கேட்டிருந்தார்கள். அனுப்புவதற்கு முன் சரிபார்க்கலாம் என்று லேப்டாப்பில் ஓட்டினேன். கடைசிக் காட்சி வந்தது. குழாயடியில் முதுகைக் காட்டியபடி ஒருத்தி கீரை அலசிக்கொண்டிருந்தாள். கட்டையாக வெட்டிய தலைமுடி.

ஆலான் திரும்பினாள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"அக்கா," என்றாள் ஆங்கிலத்தில். "அம்மா என்ன கேட்டாங்கன்னு எனக்குப் புரியல. நான் வீட்டுக்கு வரட்டுமா?"

அந்த ஒரு சொல் என் நாக்கு நுனி வரை வந்தது.

"சோறு ஆறுதுடி," என்று அடுக்களையிலிருந்து குரல். "அங்க யாருகிட்ட பேசிக்கிட்டிருக்க?"

லேப்டாப்பை மூடினேன். மூடிய பிறகும் தண்ணீர் விழும் சத்தம் நிற்கவில்லை.

"யாருமில்லம்மா," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.