பீலியில் தண்ணீர் கடிக்கிறது

2024 ஒக்டோபர் 15, செவ்வாய்.
இன்று ஒரு சின்னத் தவறு. எர்த் கம்பியை நிலத்தில் அடித்துவிட்டாயா என்று ஸலீம் சேர் வகுப்பில் கேட்டார். அடித்துவிட்டேன் என்றேன். அடிக்கவில்லை. தண்ணீர்ப் பைப்பில்தான் கட்டியிருக்கிறேன். ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை.

டயரியில் எழுதியதைத் துஷாந்த் மறுபடி வாசித்தான். கடைசி வரியும் பொய் என்று பட்டது. அதை வெட்டினான். பதுளையில் நடக்கும் அந்த மின்வேலை மாலை வகுப்புக்குத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அந்த வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவன் அவன் ஒருவன்தான். அவன் வீடான காம்பிராவைச் சுற்றியுள்ள நிலம் தோட்டத்துடையது, ஒரு கம்பி அடிக்கவும் ஆபீஸில் போய்க் கேட்டு நிற்க வேண்டும் என்பதை மற்றவர்கள் முன்னால் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆபீஸில் போய் நிற்கவும் மனம் வரவில்லை. அதனால் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு, கம்பியூட்டருக்கான பச்சை எர்த் வயரைப் பின் ஜன்னல் வழியாக வெளியே விட்டு, பீலிக்குப் போகும் இரும்புப் பைப்பில் இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு பழைய சாக்கைப் போட்டு மூடினான். லயம் முழுவதும் தண்ணீர் பிடிப்பது அந்த ஒரு பீலியில்தான்.

கம்பியூட்டர் அவனுடையது அல்ல. கொழும்புக் கம்பெனி ஒன்று கொடுத்தது. அவர்கள் அனுப்பும் பேச்சுப் பதிவுகளைக் கேட்டு, தட்டச்சு செய்து, மாலைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். மழைக் காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். மின்னல் மலையிலேயே இறங்கும். கம்பியூட்டர் கருகிப்போனால் வேலையும் போய்விடும். அதற்காகத்தான் யூ.பி.எஸ், அதற்காகத்தான் சர்ஜ் புரொடெக்டர், அதற்காகத்தான் அந்தப் பச்சை வயர்.

கரண்ட் போனால் யூ.பி.எஸ் கீச்சென்று கத்தும். லயத்துக்கு அது பெரிய வேடிக்கை.

"என்னா தம்பி, ஒன் கோழிக்குஞ்சு இன்னிக்கி கத்தலையா?" என்று பக்கத்துக் காம்பிராவின் பாக்கியலெட்சுமி அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்பாள்.

"தீனி போட்டிருக்கேன்க்கா."

"பெருசானா சொல்லு, கொழம்பு வைப்போம்."

புதன்கிழமை கரண்ட் இருக்கும்போதே அது ஒரு தடவை கத்தியது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரையில் எந்தக் குறையும் இல்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தான். ஈரத் தேயிலை வாசனையும் அடுப்புப் புகையும் ஜன்னல் வழியாக வந்து அறைக்குள் படிந்தன. வெளியே பீலியடியில் வாளி கல்லில் உரசும் சத்தம், பிறகு குழாயைத் திறக்கும் கிறீச்சு. உடனே யூ.பி.எஸ் கத்தியது. சின்னதாக. யாரோ வாளியைக் கீழே போட்டார்கள்.

"ஆத்தாடி! தண்ணி கடிக்குதுடி!"

அக்காவின் குரல். பெண்கள் சிரித்தார்கள்.

மறுநாள் யாரும் சிரிக்கவில்லை. குழாயைத் தொட்டவர்கள் கையை உதறினார்கள். பிள்ளைகள் பீலிப் பக்கம் போக மறுத்தார்கள். ஒவ்வொரு கை படும்போதும் அவனுடைய மேசைக்கடியில் அது கத்தியது. தட்டச்சு செய்த விரல்கள் தாமாகவே நின்றன. மின்சாரம் கசிந்தால் கையில் சுள்ளென்று இருக்கும் என்று வகுப்பில் படித்திருக்கிறான். ஆனால் தொட்டது யார் என்று யூ.பி.எஸ்ஸுக்கு எப்படித் தெரியும்? அதைப் பற்றிப் பாடத்தில் எதுவும் இல்லை.

"பீலியில ஏதோ குடியேறியிருக்குப்பா," என்றார் லயத்துக் கடைசிக் காம்பிரா மாரிசாமி. "மண்ணு சரிஞ்ச எடத்துப் பக்கமா வந்த தண்ணி. சும்மா வுடக் கூடாது."

வெள்ளிக்கிழமை பீலிக்கு மஞ்சள் பூசி, எலுமிச்சம்பழம் வெட்டி வைத்து, கற்பூரம் ஏற்றினார்கள். பாக்கியலெட்சுமி அக்கா தலைக்குக் குளித்து வந்து தேங்காய் உடைத்தாள். துஷாந்தின் அம்மா விஜயலெட்சுமி, தங்களை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று குழாயைப் பார்த்துக் கும்பிட்டாள். சாக்கு மூடிய இடம் அவளுடைய காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

"தம்பி, ஒன் போன்லதான் நல்லா வுழும். ஒரு படம் புடி," என்றார் மாரிசாமி. "படிச்ச புள்ள, சாமிக்கு ஒன் பங்கும் இருக்கட்டும்."

படம் பிடித்தான். கையில் கொடுத்த தேங்காய்ச் சில்லைத் தின்றான்.

சனிக்கிழமை பைப் போகும் வழியெல்லாம் நடந்து பார்த்தான். போன வருஷ மண்சரிவில் உடைந்த இடத்தில் மின்சாரம் கடக்காத பிளாஸ்டிக் குழாய் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதற்கு இப்பால் பீலி வரைக்கும் இருந்த இரும்பு, கல்லின் மேல் கல்லாகத் தாங்கி வைத்தது. எந்த இடத்திலும் நிலத்தைத் தொடவில்லை. அவன் எர்த் என்று கட்டியது எர்த்தே அல்ல. கம்பியூட்டரிலிருந்து கசிவதெல்லாம் அந்த இரும்பிலேயே நின்று, யாராவது கை வைப்பார்களா என்று காத்துக்கொண்டிருந்தது.

ஸலீம் சேர் சொன்னது ஞாபகம் வந்தது. "மின்னல் வந்தா சர்ஜ் புரொடெக்டர் அத அழிச்சிராது. வேற பக்கம் அனுப்பிரும். எங்க அனுப்புறம் எண்டதுதான் முக்கியம்."

வயரைக் கழற்ற ஒரு நிமிஷம் போதும். ஆனால் ஞாயிறு முழுக்கப் பீலியடியில் ஆள் இருந்தது. சாக்கைத் தூக்கினால் பார்ப்பார்கள். பார்த்தால் கேட்பார்கள். அறைக்குள்ளேயே கழற்றிவிடலாம், ஆனால் மின்னலை நினைத்தால் அதற்கும் மனம் வரவில்லை. மஞ்சளும் எலுமிச்சம்பழமும் இன்னும் அங்கேயே இருந்தன.

திங்கட்கிழமை பின்னேரம் மூடுபனி இறங்கியது. மலையும் மரமும் போய், எதிர் லயமும் போய், கடைசியில் ஜன்னலுக்கு வெளியே பீலியும் அதைச் சுற்றிக் கொஞ்சம் ஈர நிலமும் மட்டும் மிஞ்சின. இடி தூரத்தில் உருண்டுகொண்டிருந்தது. காற்றில் தீக்குச்சி உரசியது போல ஒரு வாசனை. தண்ணீர் திறக்கும் நேரம். கோப்பு பாதி அனுப்பியாயிற்று. இது போய்ச் சேர்ந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று நினைத்தான். இப்போது போய்ச் சொல்லலாம் என்றும் நினைத்தான். நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான்.

பாக்கியலெட்சுமி அக்கா வாளியோடு வந்தாள். குழாயை முந்தானையால் பிடித்துத் திறந்தாள். ஈர முந்தானை.

வெளியே எல்லாம் வெள்ளையாயிற்று.

சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. காம்பிராச் சுவர் அதிர்ந்தது. லயம் முழுக்க விளக்கு அணைந்தது. அவனுடைய திரை மட்டும் கண் சிமிட்டக்கூட இல்லை. ஒரு எழுத்தும் அழியவில்லை.

ஜன்னலைப் பார்த்தான்.

அக்கா நின்றுகொண்டிருந்தாள். கை குழாயின் மேல். வாளி நிறைந்து வழிந்து அவளுடைய காலை நனைத்தது. அவள் அசையவில்லை.

யூ.பி.எஸ் கத்தியது. ஒரு தடவை.

பனிக்குள்ளிருந்து மாரிசாமி வந்தார். "அட, நெறஞ்சிருச்சும்மா. இடி விழுந்ததுல தூக்கம் புடிச்சிருச்சா? தள்ளு," என்றார்.

தொடாதீங்க மாமா. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஏன் என்று கேட்பார். என்ன சொல்வது?

அவர் அவளுடைய தோளில் கை வைத்தார்.

கீச்.

அவரும் நின்றார். வாய் பாதி திறந்தபடி. கை தோளிலேயே.

மலையிலிருந்து வேலை முடிந்து ஆட்கள் இறங்கினார்கள். கொழுந்துச் சாக்கை இடுப்பில் கட்டியபடி, ஒருவர் பின் ஒருவராக. முன்னால் நிற்பவரை நகரச் சொல்லித் தோளைத் தொட்டார்கள். கீச். பிறகு அடுத்தவர். கீச்.

துஷாந்த் குனிந்து சுவர் பிளக்கைப் பிடுங்கினான். யூ.பி.எஸ் பொத்தானை அழுத்தினான். திரை அணைந்தது. பச்சை வெளிச்சமும் அணைந்தது. அறைக்குள் சூடான பிளாஸ்டிக் வாசனை.

கீச்.

பச்சை வயர் ஜன்னல் விளிம்பில் கிடந்தது. அதைத் தொட அவனுக்குக் கை வரவில்லை. மற்றவர்களைத் தொட விட்டவனுக்கு.

வரிசையின் கடைசியில் அம்மா வந்தாள். தலையில் தூறலில் நனைந்த துணி. முன்னால் இருந்தவளுடைய முதுகைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னாள். கையை நீட்டினாள்.

"தொடாதம்மா! நான்தான்! வயரு நான்தாம்மா கட்டுனேன்!"

கீச்.

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அந்த வரிசை தலையைத் திருப்பியது. உடம்பு யாருக்கும் அசையவில்லை. கைகள் தோள்களிலேயே இருந்தன. கழுத்துகள் மட்டும், ஒரே நேரத்தில், மெதுவாக. அக்கா, மாரிசாமி, மற்றவர்கள், அம்மா. யார் முகத்திலும் கோபம் இல்லை. எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அவனைப் பார்த்தார்கள். தூறல் திறந்த கண்களுக்குள் விழுந்தது. யாரும் இமைக்கவில்லை.

அவனால் ஜன்னலை மூட முடியவில்லை. முகத்தை மூடவும் முடியவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே டயரியை இழுத்துத் திறந்து, நிதானமாக எழுதினான்.

நாளை, செவ்வாய். காலையில் முதல் வேலை: பைப்பிலிருந்து வயரைக் கழற்ற வேண்டும்.