காலிக் குப்பியில் டங்ஸ்டன்

காலிக் குப்பியில் ஏதோ இருந்தது.

இருக்கவே கூடாது. இரும்பு விண்கல்லை அமிலத்தில் கரைக்கும்போதெல்லாம் கூடவே ‘காலிக் குப்பி’ என்று ஒன்றில் வெறும் அமிலத்தை மட்டும் ஊற்றி, அதே படிகளில் கொண்டுபோவார்கள். கையிலிருந்தோ காற்றிலிருந்தோ அழுக்கு சேர்ந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும். அவளுடைய காலிக் குப்பி பன்னிரண்டு வருடமாகக் காலியாகவே இருந்தது. ஆய்வகத்தில் அவளுக்குச் ‘சுத்தம்’ என்றே பட்டப்பெயர். இன்று அதில் டங்ஸ்டன்.

“அண்ணே, மெஷின் சரியா இருக்கா?”

“மெஷின குத்தம் சொல்லாதம்மா,” என்றார் உலோகங்களை அளக்கும் அந்த மெஷினை ஓட்டுபவர். “ஆறு மாச வயித்தோட நாள்பூரா நிக்கிறியே, அதான் குத்தம். வீட்டுக்குப் போ.”

அவளா போவாள்? அமிலத்தை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள், கையுறையை மாற்றினாள். டங்ஸ்டன் போகவில்லை. கதவுக் கைப்பிடிகூட பிளாஸ்டிக்கான அந்த அறையில், காற்றுவடிகட்டியின் ஓயாத இரைச்சலுக்கும் மூக்கைக் குத்தும் அமில நெடிக்கும் நடுவே, நிழல் விழ இடமில்லாத வெள்ளைச் சுவர்களைப் பார்த்தபடி மூன்று நாள் நிலைகொள்ளாமல் நடந்தாள். கடைசியாக, சந்தேகம் அரித்தெடுக்க, ஒரு குப்பியில் தன் எச்சிலைத் துப்பி மெஷினுக்கு அனுப்பினாள்.

நான்காம் நாள் காலையிலிருந்து குழந்தை அசையவில்லை. கணவனுக்கு போன் செய்தாள்.

“பயப்படாத. அஞ்சு மணிக்கு டாக்டர்கிட்ட போலாம்.”

மதியம் முடிவு வந்தது. எச்சிலில், காலிக் குப்பிகளில் இருந்ததைவிட நூறு மடங்கு டங்ஸ்டன்.

“அந்த டங்ஸ்டனுக்கு வயசு என்னம்மா வருது?” என்று வாசலில் நின்றபடி கேட்டார் மெஷினை ஓட்டுபவர்.

சிறுகோள் உருகும்போது இரும்பு பிரிந்து நடுவில் இறங்கி உள்ளகமாகும்; அது எப்போது நடந்ததென்று டங்ஸ்டன் சொல்லும். ஹாஃப்னியம் என்ற தனிமத்தின் ஓர் ஐசோடோப்பு சிதைந்து டங்ஸ்டனாவதுதான் அந்தக் கடிகாரம். அந்த ஐசோடோப்பு தீர்ந்துபோய் சுமார் நானூற்றைம்பது கோடி வருடம் ஆகிறது.

“பூஜ்யம்ணே.”

“அப்படின்னா?”

“இரும்பு இப்பத்தான் பிரிஞ்சுகிட்டிருக்கு.”

போன மாதம் கல்லை அறுக்கும்போது, மூச்சு முட்டுகிறதென்று ஒரே நிமிடம் முகமூடியைக் கழற்றியிருந்தாள். பறந்த தூளில் நாக்கில் இரும்புச் சுவை பட்டது. விழுங்கிவிட்டாள்.

“ஃபில்டர்லதான் கோளாறு. கழட்டிப் பாத்துடறேன்,” என்று அவர் உள்ளே வந்தார். கையில் எஃகு ஸ்பேனர். விண்கல்லைத் தவிர இந்த அறைக்குள் வந்த முதல் இரும்பு.

“அண்ணே, அது வேணாம்.”

அவர் பிடி நழுவியது. ஸ்பேனர் கீழே விழவில்லை. குறுக்கே வந்தது. அவள் வயிற்றில் வந்து ஒட்டியது.

அவர் சுவரோடு சாய்ந்து நின்றார்.

சில்லிப்பு. அங்கியைத் தாண்டி. தோலைத் தாண்டி.

அசைவு. காலையிலிருந்து ஏங்கிய அசைவு. அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான், ஒரு கணம்.

ஸ்பேனரை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள்.

உள்ளேயிருந்து குழந்தையும் இழுத்தது.