கொல்லைவாசல்

ஷட்டரை இடுப்பளவு தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்த ஓவியா அப்படியே நின்றாள்.

சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றின் பழைய குடோன் அது. அதைத்தான் ஆபீசாக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எப்போதும் மை வாடைதான் வரும். இன்று மருந்து வாடை. பட்டாசு மருந்தின் கந்தக நெடி. யாரோ வேலை முடிந்து, கைகூடக் கழுவாமல் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பது போல.

வெளியே உச்சி வெயில். தெருவில் ஈ காக்கை இல்லை.

பின்னாலேயே தருண்குமார் வந்தான். படித்த காலத்திலிருந்து நண்பன், இப்போது தொழிலில் கூட்டாளி. புதுச் சட்டை போட்டிருந்தான்.

"லிஃப்ட் இல்லாத வீடு, மூணு மாடி எறங்கி வரணும்ல, அதான் லேட்டு. என்ன ஓவியா, கல்யாணப் பொண்ணு கணக்கா உம்முனு நிக்க?"

"மருந்து வாடை அடிக்கல?"

"சிவகாசியில பெறகு மல்லிகைப்பூவா மணக்கும்? ஒக்காரு. சாயங்காலம் விருதுநகர் மண்டபத்துல கைதட்டல் காத பிளக்கப் போகுது."

அன்று அவர்களுடைய 'வளவு' ஆப் வெளியாகிற நாள். போனில் இத்தனை அரட்டை ஆப் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்காத ஆளில்லை. ஓவியாவிடம் ஒரே பதில்தான். வளவு என்றால் சொந்தபந்தம் சேர்ந்து குடியிருக்கும் இடம். உள்ளே இருப்பவர் 'வாங்க' என்று அழைக்காமல் வெளியாள் நுழைய முடியாது. உள்ளே பேசியது உள்ளேயே இருக்கும். ஆப்பைச் செய்த அவர்கள் இருவராலும்கூடக் கேட்க முடியாது.

சோதனை ஓட்டத்தின்போதே அதை நம்பி முதலில் வந்தவள் அவளுடைய சித்தி முத்துமாரி. பட்டாசு ஆலையில் திரி அறையில் வேலை. கூட வேலை பார்க்கும் பெண்களையும் இழுத்து வந்தாள். வெளியேறும் பொத்தானில் 'போகிறேன்' என்று இருந்ததைப் பார்த்து வைததும் அவள்தான்.

"ஏத்தா, வீட்டைவிட்டுக் கெளம்பையில எவளாச்சும் போறேம்பாளா? வெளங்குமா? போயிட்டு வாரேன்னு போடு."

அப்படியே போட்டாள் ஓவியா. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. தினமும் கேட்டில் போனை ஒப்படைக்கும் முன் சித்தி அந்தப் பொத்தானை அமுக்குவாள்.

பங்குனியில் ஒரு காலையிலும் அமுக்கினாள். அன்று அவளைத் திடீரென்று மருந்து கலக்கும் அறைக்கு மாற்றியிருந்தார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் அந்த அறையே இல்லை. வீட்டுக்குத் திரும்பியது கேட்டில் கொடுத்த போன் மட்டும். அது இப்போது ஓவியாவின் மேசை இழுப்பறையில், சார்ஜ் இறங்கிக் கிடக்கிறது.

கரண்ட் போனது.

மின்விசிறி முனகியபடி நின்றது. இருட்டில் லேப்டாப் வெளிச்சம் மட்டும். டிங் என்று ஒரு சத்தம். திரையில் ஒரு வரி.

*முத்துமாரி வாசல்ல நிக்காக.*

தருண்குமார் சிரிக்கப் பார்த்தான். "எவனோ அவுக போனை நோண்டுதான்."

அவள் இழுப்பறையைத் திறந்தாள். போன் அங்கேதான் இருந்தது. தொட்டவள் கையை உதறிக்கொண்டாள்.

கொதித்தது.

திரையில் 'வாங்க' பொத்தான் மினுமினுத்தது. அமுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கையில் வரி மாறியது.

*முத்துமாரி உள்ள இருக்காக.*

"நீ அமுக்குனியா?"

"நான் தொடவே இல்ல ஓவியா."

"வாங்கன்னு சொல்லாம யாரும் உள்ள வர முடியாது. வேற வழியே கெடையாது. நான்தான கட்டுனேன்?"

லேப்டாப் இரைந்தது. காகிதம் சரசரக்கும் சத்தம். ஒரு இருமல். பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல ஒரு குரல்.

"ஓவியா, சாப்ட்டியாத்தா?"

"சித்தி…"

"நாலு பேர் ரூம்ல பத்துப் பேர அடைக்கான், ஆட்டக்கூட இப்படி அடைக்க மாட்டாகன்னு வளவுக்குள்ள சொன்னேன். வேற எங்கயும் சொல்லலத்தா. அது எப்படி ஃபோர்மேன் காதுக்குப் போச்சு?"

எழவு வீட்டில் பெண்கள் சொல்லி அழுதது ஓவியாவின் நெஞ்சில் அறைந்தது. 'ஆட்டுக்குக் காத்தோட்டமா வேற கொட்டகை பாத்திருக்கேன்' என்று சிரித்துக்கொண்டேதான் ஃபோர்மேன் சித்தியை அந்த அறைக்கு அனுப்பினானாம். அன்றைக்கு அந்தப் பேச்சு யாருக்கும் புரியவில்லை.

அவள் மெல்லத் திரும்பினாள். தருண்குமாரின் முகத்தில் வேர்வை வழிந்தது.

"அவுக வேல பாத்த பட்டாசுக் கம்பெனிக்காரக நம்ம ஆப்புக்குப் பணம் போடுறேன்னாக. அவுக ஆளுக என்ன பேசுறாகன்னு ஒரு தடவ காட்டச் சொன்னாக. அதுக்காக ஒரே ஒரு கொல்லைவாசல் வச்சேன். இப்படி ஆகும்னு சாமி சத்தியமாத் தெரியாது."

"எங்கிட்ட மறைச்சு வச்ச. எங்க சித்திய நாந்தான கூட்டியாந்தேன்? யாரும் கேக்க மாட்டாகன்னு அவுக கையப் பிடிச்சுச் சொன்னது நானுல்ல?"

அவன் பாய்ந்து லேப்டாப்பைப் பிடுங்கினான். 'போயிட்டு வாரேன்' பொத்தானை அமுக்கினான். மறுபடி அமுக்கினான். "போங்க! போயிருங்க!"

குரல் சிரித்தது.

"வாரேன்னு சொல்லித்தான தம்பி அன்னைக்கும் போனேன்?"

லேப்டாப்பைப் போட்டுவிட்டு அவன் ஷட்டருக்கு அடியில் புகுந்து ஓடினான். வெயிலில் ஒரு கணம் அவன் முதுகு பளபளத்தது. புதுச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்த கை. பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடரின் வெள்ளி நிறத்தில்.

ஓவியா அங்கேயே உட்கார்ந்து ஆப்பை அடியோடு அழித்தாள். ஒரு வரி மிச்சமில்லை. சாயங்காலம் விருதுநகர் மண்டபத்தில் மேடையேறியவள், மைக்கைப் பிடித்துச் சொன்னது இவ்வளவுதான்.

"இந்த வளவுக்குக் கொல்லைவாசல் இருந்துச்சு. நம்பி வந்தவுகளக் காட்டிக் குடுத்திருச்சு. இனி வளவு இல்ல. மன்னிச்சுக்கோங்க."

யாரும் கைதட்டவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கையில் போன் அடித்தது. தருண்குமார். எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் எடுத்தாள்.

"ஓவியா…" குரல் கிசுகிசுத்தது. "கதவத் தட்டுறாக."

"யாரு?"

"முன்வாசல்ல யாரும் இல்ல, பாத்துட்டேன். சத்தம் பின்னாடி கேக்கு. கொல்லைவாசல்ல தட்டுறாக."

மறுமுனையில் தாழ்ப்பாள் ஒன்று விலகும் சத்தம் ஓவியாவுக்குத் தெளிவாகக் கேட்டது. அதன் பின்னால் ஒரு இருமல். இணைப்பு அறுந்தது.

பஸ் வந்து நின்றது. அவளால் ஏற முடியவில்லை.

தருண்குமார் இருப்பது மூன்றாவது மாடியில். அந்த வீட்டுக்குக் கொல்லைவாசலே கிடையாது.