சாட்டைப் பவளத்தின் எட்டாவது சம்பந்தம்

காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் பவளத் தொட்டியின் உப்புமானியைப் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். முப்பத்தைந்து காட்டினால் நிம்மதி. முப்பத்தாறு என்றால் தொட்டியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். முப்பத்துநான்கு என்றால் முந்தின நாள் ஊற்றியவருக்குத் திட்டு. எங்கள் வீட்டில் ஊற்றுவது நான், திட்டுவது அம்மா.

அப்புறம் தொட்டி அழுக்கை நுரையாக வாரியெடுக்கும் நுரைவாரியின் கோப்பையில் சேர்ந்திருக்கும் பழுப்புக் குழம்பைக் கொட்டிக் கழுவ வேண்டும். அந்த நாற்றத்துக்குப் பிறகு எவனுக்கு இட்லி இறங்கும்? அலையூட்டி ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று காது வைத்துக் கேட்க வேண்டும். விடியல் விளக்கைப் போட வேண்டும். இவ்வளவும் முடிந்தபின்தான் மனிதனுக்கு டீ. தூத்துக்குடியில் எந்தத் தெருவில் எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் காலை ஆறு மணிக்கு இதே கூத்துதான்.

மன்னார் வளைகுடா வெந்நீராகிப்போன வருஷம், மிச்சமிருந்த பவளங்களையெல்லாம் அள்ளி வந்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். கடல் ஆறும்வரை வளர்த்துத் தாருங்கள் என்றார்கள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, கடல் இன்னும் ஆறவில்லை. குளிரூட்டிய கடல்நீர் குழாயில் அளந்துதான் வருகிறது என்பதால் ஒரு கதவெண்ணுக்கு ஒரு தொட்டிதான், மூன்றடிக்கு மேல் கூடாது.

எங்களுக்கு வாய்த்தது சாட்டைப் பவளம். பகலில் பச்சை நட்சத்திரங்களாக விரிந்து சாதுவாக உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் இன்னொரு பவளத்தை வைத்தால் போதும், நூல்நூலாகச் சாட்டைகளை நீட்டி அதைச் சுட்டுப் பொசுக்கிவிடும். என் அம்மா கிரேஸ் டீச்சர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. பவளத்துக்குத் தீனி ஊட்டுவது அவர்தான். அதனிடம் பேசும்போது மட்டும் அவர் குரலில் தேன் வடியும். என்னிடம் பேசும்போது நான் இன்னமும் ஒன்பதாம் வகுப்பில் ஃபெயிலான பையன்.

இந்தப் பவளத்தால்தான் எனக்கு முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு வீட்டார் சம்பந்தம் பண்ணினால் இரண்டு தொட்டி ஒன்றாக வேண்டும், இரண்டு பவளமும் அந்த மூன்றடிக்குள் ஒத்து வாழ வேண்டும். அதனால் முதலில் பவளப் பதிவகத்தில் பெயர் பதிய வேண்டும். அங்கே சேர்க்கைத் தொட்டியில் இரண்டையும் நாலு விரற்கடை இடைவெளியில் பதினைந்து நாள் வைப்பார்கள். இரண்டும் நிறம் வெளுக்காமல் இருந்தால் சான்றிதழ். ஒன்று வெளுத்தாலும் அதைப் பவள ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு 'பொருந்தாது' என்று முத்திரை குத்திவிடுவார்கள். ஜாதகத்துக்காவது பரிகாரம் உண்டு, இதற்கு அதுவும் கிடையாது.

எனக்கு ஏழு முறை குத்தினார்கள். நாலு தடவை எங்கள் பவளம் அடித்தது, மூன்று தடவை அடிவாங்கியது. ஒவ்வொரு தடவையும் இரண்டு வீட்டாரும் கைகூப்பி, "நாம என்ன செய்ய, அதுகளுக்கு ஒத்து வரலையே" என்று சிரித்தமுகமாகப் பிரிந்தார்கள். எங்கள் ஊரில் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றோ மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்றோ யாரும் சொல்வதில்லை. "பதிஞ்சு பாப்போம்" என்பார்கள், அத்தோடு சரி.

போன வருஷம் எங்கள் பழைய தொட்டி மூலையில் கசிய ஆரம்பித்தது. புதுத் தொட்டி அமைக்க எப்சிபா வந்தாள். நாசரேத்துக்காரி, இடுப்பில் ரசமட்டம், காதில் பென்சில். வந்தவள் வணக்கம்கூடச் சொல்லாமல் தரையில் குப்புறப் படுத்து தொட்டி மேஜையின் கால்களைப் பார்த்தாள்.

"தரை ரெண்டு நூல் சாஞ்சிருக்கு டீச்சர். இப்படியே வச்சா ஒரு வருஷத்துல கண்ணாடி கீறும்."

"இந்த வீட்ட கட்டுனது எங்க வீட்டுக்காரர்" என்றார் அம்மா.

"அப்ப அவங்க கிட்டதான் கேக்கணும்."

"அவர் போய்ச் சேந்து ஒம்பது வருஷம் ஆச்சு."

"அப்ப நானே அட்டை குடுத்துச் சரிபண்ணுதேன்" என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மூன்று நாளில் தொட்டி நின்றது. கற்களைக் குகைபோல அடுக்கினாள், மணலைக் கழுவிப் பரப்பினாள், குழாய்க் கடல்நீரை நிரப்பி உப்பைச் சரிபார்த்தாள். கடைசியில் ஒரு சிட்டிகை நவச்சாரத்தைப் போட்டு, "இனி நாப்பது நாளைக்கு யாரும் தொடக் கூடாது" என்றாள்.

"நாப்பது நாளு வெறும் தண்ணியப் பாத்துட்டு உக்காரதுக்கா தொட்டி?" என்றார் அம்மா.

"வெறும் தண்ணி இல்ல டீச்சர். கழிவத் தின்னுத கிருமி கல்லுல குடியேறணும். அதுக்குத் தீனிதான் நவச்சாரம். கிருமி வாரதுக்கு முந்தி பவளத்த விட்டா, பவளத்தோட கழிவே அதுக்கு விஷமாயிரும்."

அந்த நாற்பது நாளும் பவளம் எங்கள் குளியலறையில் ஒரு பெரிய டப்பாவில் ராஜபோகமாக இருந்தது. நான் பக்கத்து வீட்டில் போய்க் குளித்தேன். எப்சிபா வாரத்துக்கு இரண்டு முறை வந்து தண்ணீரைச் சோதித்தாள். மூன்றாவது வாரம் கற்களெல்லாம் பழுப்பாகப் பாசி பிடித்தன. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தேங்காயெண்ணெய்க் கையைத் தொட்டிக்குள் விட்டுத் தேய்க்கப் போனார்.

"டீச்சர், கைய எடுங்க!" என்று எப்சிபா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

முப்பது வருஷம் சாக்பீஸால் மண்டையில் எறிந்து பாடம் நடத்திய என் அம்மா, கையை எடுத்துக்கொண்டார். ஆனால் அன்று சாயங்காலம் வரை யாரோடும் பேசவில்லை. நானோ, அவள் வருகிற நாட்களில் துறைமுகத்தில் கிரேன் ரிப்பேரைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துகொண்டிருந்தேன். ஐயையோ, ஆசீர், போயும் போயும் அம்மாவுக்கு ஆகாத பெண்ணாகப் பார்த்தா மனசு போகணும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நாற்பதாம் நாள் பவளம் புதுத் தொட்டிக்குள் இறங்கியது. எனக்குத் தைரியம் வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "பதிஞ்சு பாப்போம்" என்றார். எப்சிபாவிடம் தரகரை அனுப்பிக் கேட்டோம். அங்கிருந்தும் அதே "பதிஞ்சு பாப்போம்"தான் வந்தது. செத்தேன் என்று நினைத்தேன்.

அந்தப் பதினைந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு முத்திரை விழுந்தால் ஒன்பதாவது சம்பந்தம் தேட எனக்குத் தெம்பு இல்லை. தேடவும் மனசு இல்லை, எனக்கு எப்சிபாதான் வேண்டும்.

பதினைந்தாம் நாள் பதிவகத்துக்குப் போனேன். சேர்க்கைத் தொட்டியில் எங்கள் சாட்டைப் பவளம் தின்றுவிட்டுத் திண்டில் சாய்ந்த பெரிய மனிதர் மாதிரி உப்பி உட்கார்ந்திருந்தது. ஒரு சாட்டைகூட வெளியே இல்லை. பக்கத்தில் எப்சிபா வீட்டு இளஞ்சிவப்புப் பவளம் அப்படியே மலர்ந்திருந்தது. பதிவர் வைகுண்டம் சார் 'பொருந்தும்' என்று முத்திரை குத்தினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், பவளமே சம்மதிச்சிருச்சு சார்!" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தம்பி, நான் இந்த மாசத்தோட ரிட்டயர் ஆகுதேன். அதனால சொல்லுதேன். பவளம் என்னத்த சம்மதிக்கும்? பட்டினி கெடந்தா அடிக்கும், வயிறு நெறஞ்சா சும்மா கெடக்கும். இங்க கொண்டாந்ததும் நாங்க உடம்பு பாப்போம்லா, எத்தனை நாளு பட்டினின்னு எனக்குத் தெரிஞ்சிரும்."

"அப்ப அந்த ஏழு?"

அவர் திரையில் தேடிப் பார்த்தார். "நாலு தடவ உங்க வீட்டுப் பவளம் பத்து நாள் பட்டினியோட வந்துருக்கு. மூணு தடவ அவங்க வீட்டுது. ஊருல எல்லா வீட்டுலயும் இதுதான் தம்பி நடக்கு. வேண்டாம்னு வாயால சொன்னா மனக்கசப்பு பாருங்க."

ஆக, என் அம்மா நாலு பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். மூன்று வீட்டில் என்னையே வேண்டாம் என்றிருக்கிறார்கள்! முதலாவதற்குக் கோபம் வந்தது. இரண்டாவதற்கு வந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இந்தத் தடவை சார்?"

"உங்க பவளம் திணறத் திணறத் தின்னுட்டு வந்துச்சு. அதுபோக டீச்சர் தினமும் சாயங்காலம் வந்து ஊட்டிட்டுப் போனாங்க. அந்தப் புள்ளையோடது சாதாரணமா வந்துச்சு. பட்டினியும் இல்ல, விருந்தும் இல்ல."

வீட்டுக்குப் போய் அம்மா முன்னால் நின்றேன். சான்றிதழை நீட்டிய என் முகத்தைப் பார்த்ததுமே, பதிவர் எல்லாம் சொல்லிவிட்டார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏம்மா அப்படிச் செஞ்சீங்க?"

"எனக்கு அந்தப் புள்ளைகளப் பிடிக்கலய்யா. சொன்னா நான் பொல்லாத மாமியா. அதுவே அடிச்சிட்டா யாருக்கும் வருத்தமில்லன்னு நெனச்சேன்." அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "உன் வயசு போகுதுன்னு எனக்குத் தெரியாமயா இருந்துச்சு? தப்புதான்."

"எப்சிபாவ மட்டும் பிடிச்சிருக்கா? ஒரு நாள்கூட நீங்க அவகிட்ட நல்லாப் பேசலையே!"

"நீ என்னல கண்ட? அவ ஒருத்திதான் இந்த ஊருல மனசுல பட்டத மூஞ்சிக்கு நேராச் சொல்லுதா. அவ இந்த வீட்டுல இருந்தா எனக்கும் அது கொஞ்சம் வரும்."

அம்மா மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே கரைந்துவிட்டது. மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியை எடுத்தேன். பட்டினியும் இல்லை, விருந்தும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? வழியெல்லாம் அதுதான் மண்டைக்குள் ஓடியது.

எப்சிபா திருச்செந்தூர் சாலையில் ஒரு வீட்டில் தொட்டிக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் மணல். சான்றிதழை நீட்டினேன். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"உங்க பவளத்துக்கு நீங்க ஒண்ணும் செய்யலையாமே" என்றேன்.

"செய்யல. என்னோட முடிவ அது தலையில கட்ட எனக்கு இஷ்டமில்ல. நீங்க வந்து கேட்டா சொல்லுவோம்னு இருந்தேன். நீங்க ஆளுல்லா அனுப்புனீங்க. அதான் நானும் ஆளுகிட்ட சொல்லுத பதிலச் சொல்லி அனுப்புனேன்."

கேட்க வேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது? எங்கள் ஊரில் இருபது வருஷமாக யாரும் யாரிடமும் கேட்டதில்லையே. என் அப்பாவாவது கேட்டிருப்பார், யாரும் கேட்டு நான் பார்த்ததேயில்லை. அந்த வீட்டு உப்புமானியை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து. அதைச் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்னைய... உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

அவள் கல்லைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "நான் வேலை பாக்கும்போது பின்னாடியே நின்னு மூச்சு விடுதீங்க, அது பிடிக்கல. எங்கிட்ட கேக்க வேண்டியத தரகர்கிட்ட கேட்டீங்க, அது சுத்தமா பிடிக்கல. உங்கம்மா திட்டும்போது பதிலே பேசாம நிக்கீங்க. அந்தக் கோடு போட்ட சட்டைய இனிமே போடக் கூடாது."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். மூன்று வீட்டுக்காரர்கள் பவளத்தைப் பட்டினி போட்டுச் சொன்னதை, ஒருத்தி என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதைக் கண்டதும் எப்சிபா பதறிப்போனாள்.

"ஐயே, அழாதீங்க! பிடிச்சிருக்குங்க. பிடிக்காதவன்கிட்ட எவளாவது இவ்வளவு குறை சொல்லுவாளா?"