முதலாளிக்குப் பல் பிடுங்கிய நாள்

முயலுக்குப் பல் பிடுங்கிய வகையில் பெயிண்டர் டாக்டருக்குத் தர வேண்டிய பாக்கி ஆறாயிரத்து எண்ணூற்றைம்பது. ஆனால் அவர்கள் கதை பணத்தில் தொடங்கவில்லை... சண்டையில் தொடங்கியது.

விடியலிலிருந்தே மழை. கிளிக்கு ஒடிந்த இறக்கை, ஆமைக்கு வெடித்த ஓடு... நாயும் பூனையும் தவிர மற்ற செல்லப் பிராணிகள் எல்லாம் வந்து சேரும் ஆஸ்பத்திரி அது. ஒற்றைப் பெண்ணாய் நின்று நின்று டாக்டருக்குக் கால் மரத்துவிட்டது. அப்போதுதான் அவன் வந்தான். சட்டையெல்லாம் பெயிண்ட் பொட்டு. குடையை அட்டைப்பெட்டிக்குப் பிடித்து, தான் சொட்டச் சொட்ட நனைந்திருந்தான்.

"முதலாளிக்குப் பல்லு வலி டாக்டர். ஆபரேஷன்னாலும் பண்ணிடுங்க. ராத்திரியிலேர்ந்து பச்சத்தண்ணி கூடக் குடுக்கல!" என்றான் பெருமையாக.

"என்னது... பட்டினி போட்டீங்களா?"

"எனக்குக் குடலிறக்கம் வந்தப்ப அப்படித்தானே சொன்னாங்க..."

"நீங்க முயலா?"

"எங்க மேஸ்திரி கழுதைன்னுதான் சொல்லுவாரு."

அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. "முயலுக்கு வயிறு காயக்கூடாது. குடல் நின்னா உயிரும் நின்னுடும். யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

அவன் முகம் செத்துப்போனது. மழைத்துளி தொங்கிய இமைகளுக்குள்... கெஞ்சும் கண்கள். ஐயோ, ஏன் இப்படிக் கத்தினோம் என்றிருந்தது அவளுக்கு.

யாரோ காலி செய்த வீட்டில் விட்டுப்போன முயல் அது. அவன் சுவருக்கு வர்ணம் அடிக்க, அது கால் நீட்டிப் படுத்து வேடிக்கை பார்க்கும். அதனால் 'முதலாளி'. கடைவாய்ப் பல் கோணலாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. வேரில் சீழ்.

ஊசியில்லாத சிரிஞ்சில் கூழ் ஊட்டி, உடம்பைத் தேற்றி, மயக்கம் கொடுத்து, மாலையில் பல்லை எடுத்தாள்.

"பிழைச்சிடுமா டாக்டர்?"

"புழுக்கை போடட்டும், சொல்றேன்."

கூண்டின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தார்கள். அவன் கண் கூண்டை விட்டு நகரவில்லை. மழைச்சத்தம் தாலாட்டுப் போல... அவளுக்குக் கண்ணைக் கட்டியது.

"டாக்டர்... டாக்டர்... போட்டுடுச்சு!"

திடுக்கிட்டு விழித்தாள். அதுவரை சாய்ந்திருந்தது சுவரில் அல்ல, அவன் தோளில்!

"கன்னத்துல... பெயிண்ட்டு..." துடைக்க நீண்ட கை பாதியில் பின்வாங்கியது. உலகத்தில் யாராவது நாலு புழுக்கையைப் பார்த்து இப்படி வெட்கப்பட்டிருப்பார்களா!

அதன்பின் கூலி வாங்கும் சனிக்கிழமைகளில் முதலாளியோடு வந்து பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினான். அந்த நாளுக்காக அவள் மனம் ஏங்கத் தொடங்கியது. ஒருநாள் வெடித்துப்போன அவன் விரல்களைப் பார்த்தாள். தாங்கவில்லை.

"மிச்சம் வேண்டாம். தள்ளுபடி."

அவன் முகம் கறுத்தது. "பிச்சையா டாக்டர்?"

முயலைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கியவன் திரும்பிப் பார்க்கவில்லை.

என்ன ரோஷம்! போனால் போகட்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் வாசல் கதவு முனகும்போதெல்லாம் கண் தானாக ஓடியது. வேறு யாரோ... கையில் வேறு ஏதோ கூண்டு. வேலை செய்த அலுப்பை விட, காத்திருந்த அலுப்பு பெரிதாக இருந்தது.

ஒரு மாலை கதவு முனகியது. அவன்தான். இளைத்திருந்தான். ஒரு பக்கம் முதலாளி, ஒரு பக்கம் கசங்கிய நோட்டுகள்.

"எண்ணிக்குங்க."

எண்ணினாள். "சரியா இருக்கு."

"பாக்கி?"

"இல்ல."

"அப்ப இனி கேக்கலாம்..." அவன் குரல் இறங்கியது. "கடன்காரனா நின்னு கேட்டா, பாவம்னு தலையாட்டிடுவீங்களோன்னு பயம். என்னைக் கட்டிக்கிறீங்களா?"

இதற்காகவா அந்த ரோஷம்! அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நான் தினமும் செத்துச் சுண்ணாம்பாத்தான் வீட்டுக்கு வருவேன். சிரிச்சுப் பேசக்கூடத் தெம்பிருக்காது..."

"நானுந்தான். ரெண்டு பேருமா உக்காந்து தூங்கி வழிவோம்."

"அன்னைக்கு நல்லாத்தான் தூங்கினேன்..." என்றாள், தலை நிமிராமல். "அந்தப் பெயிண்ட்டைக் கழுவக்கூட மனசு வரல."

பெட்டிக்குள் முதலாளி எதையோ கொறிக்கும் சத்தம். அவள் ரசீதை எடுத்து, 'பாக்கி இல்லை' என்று எழுதி நீட்டினாள். இந்த முறை அவனுக்கு ரோஷம் வரவில்லை.