வடியாத வோல்ட்

தம்பி போனைக் கட் பண்ண மறந்துவிட்டான்.

அதனால்தான் அந்த அலறலை அக்கா முழுதாகக் கேட்டாள்!

அதற்கு முந்தின நிமிஷம் வரை வழக்கமான பேச்சுதான்.

"எங்கேடா இருக்கே?"

"ஸ்டூடியோ வராந்தாவுல. உள்ளே நின்னு பேசினா ஆம்ப் கிர்ர்ர்னு இரையுமே... அந்தப் பழக்கம். வால்வு மாத்திக்கிட்டிருக்கேன்க்கா."

"ப்ளக்கைப் பிடுங்கிட்டியா?"

"பிடுங்கியாச்சு."

"சிவப்பு வயர்?"

"மாட்டியாச்சு தாயே! மாட்டினபடியே இருக்கு. அடுத்தது என்ன, பல் தேய்ச்சியான்னு கேப்பியா?"

"கேப்பேன்."

சிரித்தான். போன் சட்டைப் பைக்குள் விழுந்தது. செருப்புச் சத்தம். கதவு திறக்கும் சத்தம்...

"ஆஆ...!"

ஒரே ஒரு அலறல்.

நாற்காலி உருண்டது. அப்புறம் எதுவுமே இல்லை.

வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒரு விசித்திரப் பிராணி. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் வயிற்றிலுள்ள கண்டென்ஸர்களில் ஐந்நூறு வோல்ட் பதுங்கிக் கிடக்கும். வால்வுகளைக் கழற்றிவிட்டாலோ, குடித்துத் தீர்க்க ஆளில்லாமல் அப்படியே நிற்கும். விரல் பட்டால் போதும்... ஆள் காலி!

அதற்குத்தான் சிவப்பு வயர். அக்காவே செய்து கொடுத்தது. ஒரு கிளிப் கண்டென்ஸரில், இன்னொன்று தகரச் சட்டத்தில். மாட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் வடிந்துவிடும். வேலை முடியும்வரை கழற்றக்கூடாது.

ஆனால் தம்பியின் உடல் கிடந்த அறையில் சிவப்பு வயர் இல்லை!

'அஜாக்கிரதை' என்று எழுதி ஃபைலை மூடினார்கள்.

"நீ சொல்றதை நான் நம்பறேம்மா," என்றார் இன்ஸ்பெக்டர், பல்குச்சியைக் கடித்தபடி. "கோர்ட் நம்பணுமே. அந்த வயர் எங்கே?"

அம்மா அதைக்கூடக் கேட்கவில்லை.

"நீ ரிப்பேர் பண்ணிக் கொடுத்த பெட்டிதானே என் பிள்ளையை எடுத்துடுச்சு!"

அம்மா அவளிடம் பேசிய கடைசி வாக்கியம் அது. அதன் பிறகு ஒரே வீடு. ஒரே சமையல். தட்டு வரும், சோறு வரும்... வார்த்தை மட்டும் வராது.

ஒரு வருஷமாக!

*

வெயில் கொளுத்தும் மத்தியானம்.

அக்காவின் ஸ்டூடியோவுக்குள் கறுப்புக் கண்ணாடியோடு நுழைந்தான் சுருட்டை.

தம்பியின் உயிர் நண்பன். இழவு வீட்டில் அக்காவைவிட அதிகமாக அழுதவன். அழுத ஈரம் காய்வதற்குள் ஒரே பாடலில் உச்சிக்குப் போனவன். அந்தப் பாட்டின் நடுவே வரும் கிடார் லீட், அந்தத் தனி வாசிப்புதான் ஊரெல்லாம் ரிங்டோன்.

அதன் மூன்றாவது நோட்டிலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, "சீக்கிரம் வெளியே வாக்கா!" என்று தம்பி வாசித்துத் தள்ளிய அதே லீட், அதே விரல்!

அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை.

"என்னக்கா... இளைச்சுட்டே?"

"நீ பெருத்துட்டே. கணக்கு சரியாப் போச்சு."

சிரித்தான். "தம்பி ஞாபகமா ஒரு பாட்டுன்னே. எத்தனை வேலை இருந்தாலும் வராம இருப்பேனா?"

"வருவேன்னு தெரியும். இந்தா, அவனோட கிடார். இதுலதான் வாசிக்கணும்."

மாட்டிக்கொண்டான். கேபிள் அவன் இடுப்பிலிருந்து இறங்கி, சுவர்த் துளை வழியாக அடுத்த அறைக்குப் போனது. அங்கே கனத்த கதவுகளுக்குப் பின்னால் ஒரு வால்வு ஆம்ப், மைக்குக்கு முன்னால் சூடேறிக்கொண்டிருந்தது. அந்த மைக் பிடிக்கும் சத்தம்தான் இந்தக் கண்ட்ரோல் ரூம் ஸ்பீக்கருக்கு வரும்.

கிடாரில் தந்திகளின் ஒலியைப் பிடிக்கும் பிக்கப் அருகே சட்டை பட்டன் உரசியது. ஸ்பீக்கர் 'சர்ரக்' என்றது.

"அய்யய்யோ... பட்டன் பட்டாக்கூட கேக்குதே! என்னக்கா பிக்கப் இது?"

"பழசு. உள்ளே இருந்த மெழுகெல்லாம் காய்ஞ்சு உதிர்ந்துடுச்சு. அவன் மாத்தவே விடலை. இதுலதான் உயிர் இருக்குன்னுவான்."

'உயிர்' என்ற வார்த்தை வந்ததும் சுருட்டையின் பார்வை மேஜைக்குப் போனது.

அங்கே இன்னொரு ஆம்ப். வயிறு பிளந்து மல்லாந்து கிடந்தது.

அவனுக்கு அது எதுவென்று தெரியும்!

"இ... இதை ஏன் இங்கே வெச்சிருக்கே?"

"ரெண்டாவது டேக் இதுலதான். வால்வு மட்டும் மாத்தணும். நீ முதல்ல வாசி."

வாசித்தான்.

மூன்றாவது நோட்டில் தடுக்கினான். மறுபடி. மறுபடியும் தடுக்கினான்.

"என்னடா இது... மாடிப்படியில பாத்திரம் உருண்ட மாதிரி இருக்கு! உன் ஹிட் பாட்டுல வழுக்கிக்கிட்டுப் போச்சே?"

"அது வேற மூட்க்கா."

"வேற மூடா... வேற ஆளா?"

சுருட்டையின் சுண்டு விரல் கிடாரிலிருந்த வால்யூம் குமிழைச் சர்ரென்று பூஜ்யத்துக்குத் திருப்பியது. கிடார்காரர்கள் எல்லோரும் வாசிப்பை நிறுத்தியதும் செய்கிற காரியம். ஸ்பீக்கர் அமைதியானது.

அக்காவின் விரலும் மிக்ஸர் பலகையில் ஒருதரம் கீழே இறங்கி நின்றது.

"நாளைக்கு இன்ஸ்பெக்டரைப் பாக்கப் போறேன் சுருட்டை."

"எதுக்கு?"

"சாகறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி போன்ல சொன்னான், சிவப்பு வயரை மாட்டியாச்சுன்னு. அதை யாரோ கழட்டியிருக்காங்க."

"இதைத்தான் ஒரு வருஷமா சொல்றே. யாரு நம்பினா?"

"நாளைக்கு நம்புவாங்க. புதுசா ஒண்ணு கிடைச்சிருக்கு."

"என்ன... என்னது?"

"நாளைக்குத் தெரியும். அது வரைக்கும் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது."

சொல்லிவிட்டு அவள் சாவகாசமாக மேஜைக்குப் போனாள். பிளந்து கிடந்த ஆம்பில் வால்வுகளைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள். ஒரு சிவப்பு வயரை எடுத்து, அவன் கண் முன்னாலேயே இரண்டு கிளிப்பையும் மாட்டினாள்.

அவளுடைய போன் அடித்தது.

"இதோ வந்துடறேன். கிடாரைக் கழட்டாதே, வந்ததும் அடுத்த டேக்."

வராந்தாவுக்கு வந்து கதவைச் சாத்தினாள். போனைக் காதில் வைத்தாள்.

போனில் யாருமே இல்லை! அவளே வைத்த அலாரம் அது.

சுவரில் சாய்ந்துகொண்டாள். இதே மாதிரி ஒரு வராந்தாவில்தான் தம்பி நின்றான். சிரித்தான். திரும்பி உள்ளே போனான். இறுக்கிப் பிடித்திருந்த கையை அவள் பிரிக்கவே இல்லை.

'செய்வானா...? செய்யணும். செய்யடா...!'

கதவைத் திறந்தாள்.

சுருட்டை நின்ற இடத்திலேயே நின்றான். முகத்தில் மட்டும் எண்ணெய் தடவினாற்போல வியர்வை.

ஆம்பின் ப்ளக், தரையில் அவள் போட்ட இடத்தில் இல்லை. ஒரு சாண் தள்ளிக் கிடந்தது.

சிவப்பு வயரைக் காணோம்!

அக்கா எதையும் கவனிக்காதவள் போல மேஜையருகே வந்தாள். புது வால்வை எடுத்தாள்.

"இன்னிக்கு என்ன புழுக்கம்..."

"ஆ... ஆமாக்கா."

வலது கையை மெதுவாக ஆம்பின் வயிற்றுக்குள் விட்டாள். விரல் நுனி கண்டென்ஸரை நெருங்கியது. இன்னும்... இன்னும் நெருங்கியது...

தொட்டது!

ஒன்றுமே ஆகவில்லை.

திரும்பிப் பார்த்தாள்.

சுருட்டை கண்ணை இறுக மூடியிருந்தான். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தான்!

"ஏன்டா காதைப் பொத்திக்கிட்டே? ஏற்கெனவே கேட்ட அலறல்தானே!"

கண்ணைத் திறந்தான். உயிரோடு நிற்கிறவளைப் பார்த்தான். வாய் அவனைக் கேட்காமலே பேசியது.

"எப்படி...? நான் ப்ளக்கைப் போட்டேனே!"

அக்கா இடது உள்ளங்கையை விரித்தாள். அதில் சின்னதாக ஒரு கண்ணாடிக் குழல்.

"பியூஸ். காலையிலேயே கழட்டிட்டேன். நீ ப்ளக்கைப் போட்டாலும் ஒண்ணுதான், போடலைன்னாலும் ஒண்ணுதான். பையில இருக்கிற வயரை எடு!"

பிறகு அவனுக்குள் வேறு ஒருவன் எழுந்து நின்றான்.

மேஜை மேலிருந்த பேச்சு மைக்கின் வயரைப் பிடுங்கினான். பக்கத்தில் அவள் வைத்திருந்த போனை எடுத்து அணைத்தான். கம்ப்யூட்டரைப் பார்த்தான். ரெக்கார்டிங் ஓடவில்லை.

கடைசியாகக் கிடாரின் குமிழைத் தடவிப் பார்த்தான். பூஜ்யத்தில்தான் இருந்தது. சிரித்தான்.

"பலே! பொறி வெச்சுட்டுப் பூட்டு போட மறந்துட்டியே. இங்கே நாம ரெண்டு பேர்தான். நீ சொல்றதை ஒரு வருஷமா ஒரு நாய்கூட நம்பலை. இனிமேலா நம்பப் போகுது?"

"அவன் உன்னை என்னடா பண்ணினான்?"

"வாசிச்சான்! அதுதான் பண்ணினான்! மேடையில நாங்க ரெண்டு பேரும் நிப்போம். எல்லாக் கண்ணும் அவன் விரல்லயே இருக்கும். நான் யாரு? பக்கத்துல நிக்கிற மைக் ஸ்டாண்டு!"

"அதுக்கா...?"

"அதுக்குத்தான்! அவன் வராந்தாவுல உன்கிட்டே இளிச்சுக்கிட்டிருந்தான். எனக்கு அந்த நேரம் போதும். வயரைக் கழட்டினேன். ப்ளக்கைப் போட்டேன், ஆன் பண்ணினேன், பிடுங்கினேன். கதவுக்குப் பின்னால நின்னேன். வந்தான்... கையை விட்டான்... முடிஞ்சது."

அவள் முகத்தருகே குனிந்தான்.

"இன்னொண்ணு சொல்லவா? நீ மட்டும் போன் பண்ணலைன்னா அவன் வெளியிலேயே போயிருக்க மாட்டான். பாதி நான் கொன்னேன். மீதி நீ!"

அந்த வார்த்தை அவள் விலாவில் இறங்கியது. ஒரு வருஷமாக அவளே தனக்குச் சொல்லிக்கொண்ட வார்த்தை.

ஆனாலும் நிமிர்ந்தாள்.

"சுருட்டை... இந்தப் பியூஸைப் போட்டு வெச்சிருந்தா, உன் கையைப் பிடிச்சு இதுக்குள்ளே விட்டிருக்கலாம். ராத்திரி எல்லாம் அதையே நினைச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். நினைக்க நல்லாத்தான் இருந்தது."

"அப்புறம் ஏன் விடலை? பயமா?"

"அது ஒரே ஒரு அலறல்டா. எனக்குப் பத்தாது!"

மிக்ஸரில் விரலை வைத்து மேலே தள்ளினாள்.

"இப்ப ஏதாவது பேசு."

"என்னத்தைப் பேச—"

'என்னத்தைப் பேச!'

ஸ்பீக்கர் அவன் குரலிலேயே கரகரவென்று கத்தியது!

சுருட்டை துள்ளிப் பின்வாங்கினான். ஸ்பீக்கரிலும் செருப்பு தேய்ந்தது. அவன் மூச்சு வாங்கியது. ஸ்பீக்கரும் மூச்சு வாங்கியது.

"எ... எந்த மைக்...?"

"உன் கழுத்துல தொங்குதே, அதுதான்! மெழுகு உதிர்ந்த பிக்கப் பக்கத்துல நின்னு பேசினா அதுவும் ஒரு மைக்தான். பட்டன் பட்டதுக்கே கத்தினப்ப உனக்கு உறைச்சிருக்கணும்."

"குமிழ்... பூஜ்யத்துல இருக்கே!"

"திருப்பிட்டா கிடார் செத்துடுச்சுன்னு நினைச்சுக்கறது உங்க ஆளுங்க பழக்கம். குமிழுக்குப் பின்னால வயரே இல்லை, நேத்தே கழட்டிட்டேன். ஸ்பீக்கரை அடக்கினது என் விரல். அடுத்த ரூம் ஆம்ப் மட்டும் நீ சொன்ன ஒவ்வொரு எழுத்தையும் கத்திக்கிட்டேதான் இருந்தது. அதுக்குத் தனி ரெக்கார்டர்... தனியா சாட்சிங்க!"

கனத்த கதவு திறந்தது.

முதலில் இன்ஸ்பெக்டர். இரண்டு காதிலும் பஞ்சு. அவருக்குப் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

சுருட்டை வாசலைப் பார்த்துப் பாய்ந்தான். கிடார் கேபிள் காலில் சுற்றியது. விழுந்தான். ஆம்ப் அடுத்த அறையில் இடி மாதிரி முழங்கியது.

அவன் பையிலிருந்து சிவப்பு வயரை உருவினார் இன்ஸ்பெக்டர். "ஒரு வருஷமா இப்படி ஒரு வயரைத்தான் தேடினேன். இன்னொண்ணு எங்கேன்னு நீங்களே சொல்லிடுங்க சார், தேட எனக்குத் தெம்பில்லை."

அக்கா அதைக் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னாலிருந்து அம்மா வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். வரவழைத்தது இன்ஸ்பெக்டர். எதற்கு என்று சொல்லாமலே அழைத்திருந்தார்.

அம்மா மகள் எதிரில் வந்து நின்றாள். பியூஸை இறுக்கி இறுக்கிச் சிவந்துபோன அந்த உள்ளங்கையைப் பிடித்தாள்.

வார்த்தை வர நேரமாயிற்று. வந்தது.

"மீதி நீயாம்... அவன் கிடக்கான்! நீ போன் பண்ணினதாலதான்டீ என் பிள்ளை கடைசியா ஒருதரம் சிரிச்சான்."

ஒரு வருஷமாக அழாத அக்கா அப்போதுதான் அழுதாள்.

விலங்கு பூட்டப்பட்ட சுருட்டை அவர்களைக் கடந்து இழுத்துச் செல்லப்பட்டான். வாசலில் திரும்பி வெறித்தான். "கோர்ட்ல பாத்துக்கறேன்!"

"பாத்துக்கலாம் சார், கொலைக்கு செக்ஷன் ரெடியா இருக்கு," என்ற இன்ஸ்பெக்டர், காதிலிருந்த பஞ்சை எடுத்து உதறினார். "முதல்ல ஒரு லீட் வாசிச்சீங்களே... அதுக்கு எந்த செக்ஷன்ல போடறதுன்னுதான் புரியலை!"