இருபதாம் கோடு

மழைக்கு ஒதுங்குபவள் போலத்தான் கிளாடிஸ் அந்தத் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தாள். உண்மையில் வேவு பார்க்க வந்திருந்தாள்...

தூத்துக்குடித் தோணிகளுக்குக் கயிறு வாங்குமுன் இங்கேதான் இழுத்துப் பார்ப்பார்கள். நேற்று அவள் அப்பா வேதமணி திரித்த கயிறு இங்கே அறுந்தது. இன்றைய மறுசோதனையிலும் அறுந்தால் ஆர்டர் போய்விடும். பட்டறையை மூட வேண்டியதுதான்.

சோதனை மெஷின் அருகே, அதை ஓட்டும் ஜெபசிங் நின்றான். எண்ணெய் படிந்த சட்டை, அழகான கண்கள்... அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் கூடியது.

அவன் பார்வை அவள் கையிலிருந்த மக்ரூன் பொட்டலத்தில் நின்றது. "லஞ்சமா?"

"எனக்குப் பசிச்சா திங்கதுக்கு. உங்களுக்கு யாரு தாரா?"

அவன் மெஷினில் இழுவையைக் கூட்டும் திருகைத் திருப்பினான். அவள் எட்டிப் பார்த்தாள். "ரூல்ல இருபதாம் கோடுதான? இருபத்துநாலுல வைக்கீங்க. வேணும்னேதான எங்க கயிறை அறுத்தீங்க?"

அவன் முகம் சிவந்தது. ஆனால் மெஷினைப் பற்றிக் கேட்டுவிட்டால் அவனுக்குக் கோபம் தங்காது.

"இங்கன வந்து பாருங்க. அலையில தோணி ஆடுத மாதிரி இது கயிறை இழுத்து இழுத்து விடும். வேகமா இழுக்கையில கயிறு நீண்டு கொடுக்கும். இருபது கேட்டா, இழுவை அங்க எட்டுமுன்னே திரும்பிரும். அதான் நாலு கூட்டிக் கேக்கேன்."

தென்னங்கயிறு ஒன்றை மாட்டி ஓட்டினான். எட்டிய உச்சத்திலேயே நின்றுவிடும் சிவப்பு முள், சரியாக இருபதில் நின்றது.

"பாத்தீங்களா?"

"எங்க கயிறைப் போடுங்க."

நேற்று அறுந்ததில் மிஞ்சிய துண்டை மாட்டினான். சிவப்பு முள் இருபதைத் தாண்டி... இருபத்துமூன்றில் நின்றது. சட்டென்று மெஷினை நிறுத்தினான்.

'மறைக்கப் போறான்' என்று அவள் நினைத்தாள்.

"உங்க கயிறு இறுக்கமா திரிச்சது. அதிகம் நீளல. இருபத்துநாலு கேட்டதுக்கு இருபத்துமூணு வாங்கிருக்கு." அவன் குரல் இறங்கியது. "எல்லாக் கயித்துக்கும் ஒரே கணக்கப் போட்டுட்டேன்."

"இத உங்க எஞ்சினியர்ட்ட சொல்லுவீங்களா? இந்தக் கூட்டுத கணக்குக்குத்தான் அவரு உங்களப் பாராட்டுனாராமே?"

அவன் வேதமணியின் புதுக்கயிற்றை மாட்டினான். இந்த முறை மெஷினிடம் குறைவாகக் கேட்டான், முள் இருபதுக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தான், அந்தக் குறையில் பாதியை மட்டும் கூட்டினான், மறுபடி பார்த்தான். முள் தயங்கித் தயங்கி இருபதாம் கோட்டைத் தொட்டது. கயிறு தாங்கியது. அவன் கையை விட்டு அவள் கண்ணெடுக்கவில்லை... எப்போது அந்தப் பார்வை அவன் முகத்துக்கு ஏறியதோ, அவளுக்கே தெரியாது.

சாயங்காலம் எஞ்சினியர் வந்தார்.

"நேத்து தப்பு என் மேலதான் ஸார். கூடுதலா இழுத்து அறுத்துட்டேன். இது நல்ல கயிறு."

அவர் முறைத்தார். முள்ளைப் பார்த்தார். "வேதமணிட்டயே வாங்கிருவோம். உன்ன நாளைக்கு விசாரிக்கேன்," என்று போய்விட்டார்.

மழை விட்டிருந்தது. கிளாடிஸ் பொட்டலத்தை நீட்டினாள். "இப்பம் லஞ்சம் இல்லல்லா?"

அவன் வாங்கவில்லை. "மனசுல இருக்கத சொல்லலாம்னு பாத்தா... பாதி வழியிலயே திரும்பிருது."

"அப்பம் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க."

"உங்களக் கட்டிக்கிடணும். அப்பாட்ட வந்து கேக்கட்டுமா?"

கடைசியாக ஒருமுறை அவள் கண்களில் சந்தேகம் எட்டிப் பார்த்தது. "எவ்வளவு கூட்டுனீங்க?"

"ஒண்ணும் கூட்டல."

அவள் தலை குனிந்தாள். "நாளைக்கே வாங்க..."